நான் நல்லவனாக்கிய வாள்வீரன்

நான் செய்த முட்டாள்தனங்களைச் சொல்லச் சொன்னால் என் மனைவி ஒரே மூச்சில் இருபது சொல்லுவாள். அந்த இருபதில் வராத ஒன்று உண்டு. வெட்கத்தில் அவளிடம்கூட இதுவரை சொன்னதில்லை. யாரோ எழுதிய ஒரு நாவலில் கதாநாயகன் செய்த பெரும் பாவத்தை, எழுதியவரை ஒரு வார்த்தை கேட்காமல் நானே நீக்கி, அவனை நல்லவனாக்கிவிட்டேன். பேனாவால் இல்லை, வாயால். நாற்பத்தொன்பது வயதில், தொப்பையும் மூக்கு நுனியில் கண்ணாடியுமாக, வெந்நீர் பாய்லருக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து இந்தக் காரியத்தைச் செய்தேன். கதைக்கு அதனால் சேதம் ஒன்றுமில்லை. அச்சில் அது அப்படியேதான் இருக்கிறது. கேட்டுக்கொண்டிருந்த மனிதருக்குத்தான் சேதம்.

குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் நான் மேனேஜர். மேனேஜர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சாவிக் கொத்து, டெலிபோன், புளுகு, இந்த மூன்றும் என் பொறுப்பு. ஆனி, ஆடியில் வெளியூரிலிருந்து போன் வந்தபடி இருக்கும். எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "அருவியில தண்ணி விழுதா?" பாறை எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தாலும் என் வாய் தானாகவே சொல்லும்: "நல்லா விழுது சார், சாரலும் அடிக்கி, கிளம்பி வாங்க." வந்து பார்த்துவிட்டு யாராவது முறைத்தால், "நேத்து வரைக்கும் விழுந்துச்சு சார்" என்பேன். குளியலறையில் தண்ணீர் வரவில்லை என்றால் ஐந்து நிமிடம். கரண்ட் இல்லை என்றால் இப்போ வந்துவிடும். எதிரில் நிற்பவர் முகம் வாடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இருபது வருடம் இந்தத் தொழிலைச் செய்தவன் வாயில் உண்மை கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும்.

விருந்தினர்கள் விட்டுப்போகும் சாமான்களுக்கென்று எங்களிடம் ஓர் அலமாரி இருக்கிறது. ஒற்றைச் செருப்பு, பாதி தீர்ந்த எண்ணெய் பாட்டில், ஈரத் துண்டு, ஒரு தடவை யாருடையதோ பல்செட். ஐந்தாறு வருடத்துக்கு முன்பு ஒரு சீசன் முடிந்த கையோடு அதில் ஒரு துணிப்பை வந்து சேர்ந்தது. உள்ளே செங்கல் கனத்தில் மூன்று புத்தகங்கள், ஒரே நாவலின் மூன்று பாகம். கறுப்பு அட்டையில் கொம்பு முளைத்த மண்டையோடும் ரத்தம் சொட்டும் வாளும். அறையின் பால்கனியில் குரங்கு புகுந்து மூன்றிலும் முதல் பத்துப் பக்கங்களையும் அட்டையில் பெயர் இருந்த இடத்தையும் கிழித்துவிட்டிருந்தது. அதனால் எழுதியவர் யார், மொழிபெயர்ப்பா, நம் ஊர்க்காரரே எழுதியதா என்று எதுவும் தெரியவில்லை. ஆறு மாதம் யாரும் தேடி வராத பொருளை வைத்துக்கொள்ளலாம் என்பது வழக்கம். நான் ஆறு நாள் பொறுத்தேன்.

அதுவரை நான் வாசித்த கதைகளில் நாயகன் என்றால் அம்மாவின் காலில் விழுவான், ஏழைக்கு இரங்குவான், ஏதாவது தப்பு செய்தால்கூட அது கடைசியில் தப்பில்லை என்று ஆகிவிடும். சொந்தத்தில் மாநில ரேங்க் வாங்கிய பையன் ஒருவன் இருப்பானே, அவன் வீட்டுக்கு வந்தால் நாம் பின்வாசல் வழியாக நழுவுவோமே, அந்த மாதிரி நாயகர்கள். இந்த வாள்வீரன் அப்படி இல்லை. கூடவே சண்டை போட்டுச் செத்த நண்பனின் காலிலிருந்து பூட்ஸைக் கழற்றி மாட்டிக்கொண்டு, அளவு சரியாக இருக்கிறதென்று சந்தோஷப்பட்டான். பேய் ராணிக்குக் கூலிக்கு வாள் வீசினான். கொடுத்த வாக்கைத் திங்கட்கிழமை மறந்து செவ்வாய்க்கிழமை அதற்காக அழுதான். பூதங்களும் சாம்பல் மழையும் பேசும் காக்கைகளும் நிறைந்த ஒரு தேசத்தில், எனக்குப் பழக்கப்பட்ட ஒரே ஜீவனாக அவன்தான் தெரிந்தான். லாட்ஜ் ரிஜிஸ்டருக்குள் ஒளித்துவைத்து அவனை வாசித்தேன்.

என்னைக் கையும் களவுமாகப் பிடித்தவர் பாய்லர் அண்ணாச்சி. லாட்ஜின் பின்னால் தகரக் கொட்டகையில் விறகு பாய்லர் ஒன்று உண்டு. அதையும் தண்ணீர் மோட்டாரையும் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அறுபத்துநாலு வயது. அதற்கு முன் முப்பது வருடம் லாரி டிரைவர். செங்கோட்டையில் ஏறி, புளியரைச் செக்போஸ்ட் தாண்டி, ஆரியங்காவு வளைவுகளில் இறங்கி, கேரளத்துக்குச் சரக்கு கொண்டுபோனவர். சர்க்கரை கண்ணில் இறங்கியதும் ஸ்டியரிங்கை விட வேண்டியதாயிற்று. ஆள் உருவம் தெரியும், எழுத்து தெரியாது. பாய்லரின் தண்ணீர் எந்தச் சூட்டில் இருக்கிறது என்பதை அதன் முனகலைக் கேட்டே சொல்லிவிடுவார். காலை பதினொரு மணிக்கு அடுப்பு தணிந்ததும் ஒரு மணி நேரம் அவருக்கு ஓய்வு. முதலாளி போனுக்குப் பயந்து அந்த நேரத்தில் நானும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன்.

"என்ன வே, ரெண்டு நாளா ரிஜிஸ்டரைப் பாத்து பாத்துச் சிரிக்கீரு? வந்து தங்குனவன் பேரெல்லாம் அம்புட்டுத் தமாசாவா இருக்கு?" என்றார்.

ரிஜிஸ்டரை விலக்கிப் புத்தகத்தைக் காட்டினேன். அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பது போலப் பார்த்தார். "எனக்கு எழுத்தெல்லாம் எறும்பு ஊருத மாதிரி இருக்கு. நீரே வாசியும், கேப்போம்."

பூட்ஸ் கழற்றும் இடத்தை வாசித்தேன். அண்ணாச்சி தொடையில் தட்டிச் சிரித்தார். "நம்ம ஆளு வே இவன்!" நாயகனுக்குப் புத்தகத்தில் ஏழெழுத்தில் ஒரு பெயர் உண்டு, வாயில் நுழையாது. அன்றிலிருந்து அவன் எங்களுக்கு நம்ம ஆளு.

அந்த ஐப்பசி, கார்த்திகை முழுவதும் எங்களுக்குப் பதினொரு மணி என்றால் நம்ம ஆளுதான். ஐயப்ப சாமிகள் கூட்டம் வந்த நாட்களில்கூட அரை மணி நேரமாவது ஒதுக்கிவிடுவோம். வெளியே சாரல் தகரத்தில் பொரி வறுக்கும். உள்ளே நான் பேய் ராணிக்கு ஒரு குரல், காக்கைக்கு ஒரு குரல் என்று ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பேன். பள்ளிக்கூட நாடகத்தில் எனக்கு மரம் வேஷம் கொடுத்தவர்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருநாள் அவரிடம் கேட்டேன், இத்தனை கெட்டவன் கதை உங்களுக்கு எதற்காகப் பிடிக்கிறது என்று.

"நல்லவன் கதை நமக்கு எதுக்கு வே? அவனுக்குச் சாமி இருக்கு, ஊரு இருக்கு. இவனுக்கு யாரு இருக்கா? நாமளாவது கேப்போம்" என்றார். பிறகு விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே, "நம்ம மாடன் கதையில மட்டும் என்ன, எல்லாம் நல்லவனுவளா? கொன்னவனும் வெட்டுப்பட்டவனும்தானே பீடம் போட்டு நிக்கான். வருசா வருசம் கோயில் கொடை குடுத்து, வில்லுப்பாட்டு வச்சு விடிய விடியக் கேக்கோம்லா" என்றார். இன்னொரு நாள் வேறு ஒரு காரணம் சொன்னார். "இந்தக் கதை நடக்க ஊர்ல நம்ம சொந்தக்காரன் ஒருத்தனும் கிடையாது. அதனால தைரியமாக் கேக்கலாம்." அதற்கும் சிரித்தேன். எதற்கெடுத்தாலும் சிரிப்பது என் சுபாவம். அந்த வாக்கியத்தை அன்று கொஞ்சம் கவனித்திருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது.

முதல் பாகத்தின் முடிவில் அந்த அத்தியாயம் வந்தது. நம்ம ஆள் ஒரு காலத்தில் ஒரு கோட்டையின் வாயில்காவலன். பூதப் படை வருகிறது. வெளியே மாட்டிக்கொண்ட அவனுடைய தங்கை ஓடிவந்து கதவில் அறைகிறாள். அண்ணா, அண்ணா என்று கூப்பிடுகிறாள். இந்தப் பக்கம் தாழ்ப்பாளில் கை வைத்தபடி அவன் நிற்கிறான். குரல் கேட்கிறது. திறக்காமல் சுரங்க வழியாக ஓடிவிடுகிறான். தங்கை சாகவில்லை, பாதி முகம் வெந்து பிழைக்கிறாள். அவன் அதற்குப் பிறகு செய்த அத்தனை அட்டூழியமும் அந்தக் குரலிலிருந்து ஓடிய ஓட்டம்தான்.

கண் ஒரு வரி முன்னால் ஓடும் அல்லவா, என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எதிரில் அண்ணாச்சி இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார். அவர் முகத்தைப் பார்த்ததும் என் தொழில் புத்தி முந்திக்கொண்டது. வந்தவர் முகம் வாடக்கூடாது. எனக்குமே, இரண்டு வாரமாக மடியில் வைத்துக் கொஞ்சிய ஆள் இவ்வளவு கீழே இறங்குவது பொறுக்கவில்லை. வாசிக்கிற அதே குரலில், தடுமாறாமல், "அந்நேரம் ஒரு சூனியக்காரி மந்திரம் போட்டு அவன் காதை அடைத்துவிட்டாள்" என்று சேர்த்தேன்.

"அப்பம் அவனுக்குக் கேக்கலையா?" என்றார் அண்ணாச்சி.

"கேக்கல அண்ணாச்சி."

"தங்கச்சி கூப்புட்டது காதுலயே விழலையா?"

"விழல."

"கொடுத்து வச்சவன் வே" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி எழுந்துபோய், தேவையே இல்லாமல் பாய்லருக்குள் நாலு விறகைத் திணித்தார்.

ஒரு பொய் தனியாக இருக்காது, குடும்பத்தைக் கூட்டிவரும். இரண்டாம் பாகம் முழுக்க நம்ம ஆள் அந்தக் கதவை நினைத்துத் தவிக்கிறான். பத்துப் பக்கத்துக்கு ஒரு தடவை தூக்கத்திலிருந்து அலறி எழுந்திருக்கிறான். நான் முந்தின நாளே வீட்டில் வாசித்துப் பென்சிலால் அடித்து, ஓரத்தில் மாற்று வசனம் எழுதிக்கொண்டு வரவேண்டியதாயிற்று. அலறலை மட்டும் விட முடியவில்லை, ஏனென்றால் அலறல் சத்தத்தில்தான் எதிரிகள் விழித்துக்கொள்கிறார்கள்.

"தப்பே செய்யாத பய எதுக்கு வே இந்தப் பாடு படுதான்?" என்று அண்ணாச்சி ஒருநாள் கேட்டார்.

"வயிறு சரியில்ல அண்ணாச்சி" என்றேன். புத்தகம் முழுவதும் அவனுக்கு வயிறு சரியில்லாமல் போயிற்று.

மூன்றாம் பாகத்தின் கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் அவன் தங்கையின் வாசலுக்குப் போகிறான். இதை நான் மாற்றிய விதத்தைச் சொல்லக் கூசுகிறது. தங்கை ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டாள். வானத்தில் சாம்பல் மழை நின்று பூமழை பொழிந்தது. நான் பொழியவைத்த பூமழையில் நானே கண் கலங்கினேன்.

"கதவைத் தொறந்துட்டாளா?" என்றார் அண்ணாச்சி.

"தொறந்துட்டா."

"இவன் என்ன சொன்னான்?"

"நீ கூப்புட்டது எனக்குக் கேக்கலம்மான்னான்."

"நம்பிட்டாளா?"

"நம்பிட்டா அண்ணாச்சி."

இந்த மூன்று கேள்வியையும் மறுபடி ஒரு தடவை கேட்டார். மறுநாள் காலை அவர் லீவு. முகச்சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, கையில் ஒரு பொட்டலம் ஆரஞ்சுப் பழத்தோடு பஸ் ஏறினார் என்று பெட்டிக்கடையில் சொன்னார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மத்தியானத்துக்குள் திரும்பி வந்துவிட்டார். பொட்டலம் பிரிக்காமல் கையில் அப்படியே இருந்தது.

"நீரே தின்னும்" என்று என் மடியில் வைத்தார். அப்புறம் கொட்டகையில் உட்கார்ந்து, பாய்லரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். லாரி ஓட்டிய காலத்தில் புனலூரில் அவருக்கு இன்னொரு வீடு இருந்தது. இங்கே மனைவிக்கு நோய் முற்றி, இன்றோ நாளையோ என்று கிடந்தபோது, அவளே அவரைக் கேட்கிறாள் என்று போன் வந்தது. அவர் வரவில்லை. எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் வந்து, மலைப்பாதையில் மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டது, சேதியே கிடைக்கவில்லை என்றார். ஊர் நம்பியது. ஒரே மகள் அன்று திருப்பிக்கொண்ட முகத்தை ஒன்பது வருடமாகத் திருப்பவில்லை. புனலூர் வீடும் பிற்பாடு இல்லாமல் போயிற்று. மகளைக் கட்டிக்கொடுத்திருப்பது இலத்தூரில். குற்றாலத்திலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான்.

"நம்ம ஆளு சொன்ன மாதிரியே சொன்னேன் வே. ரோடு அடைச்சுட்டு ஏட்டி, அம்மை கூப்புட்டது எனக்குக் கேக்கலன்னேன். மொகத்துக்கு நேரா கதவைச் சாத்திட்டா."

அப்போதும் வழக்கம்போல் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். எப்படியோ அன்று உண்மை வந்துவிட்டது. சூனியக்காரி இல்லை அண்ணாச்சி, அவனுக்குக் கேட்டது, கேட்டுத்தான் ஓடினான், மற்றதெல்லாம் நான் சேர்த்தது என்றேன்.

அதுவரை என்னை 'வே' என்றே பேசிவந்தவர், முதல் தடவையாக மரியாதையை விட்டு 'லே' போட்டார்.

"ஏலே, தப்புப் பண்ணுனவன் ஒரு வாசல்ல போயி எப்படி நிப்பான்னு கேக்கத்தாம்லே ரெண்டு மாசமா ஒன் முன்னால உக்காந்திருந்தேன். நீ எனக்கும் அருவியில தண்ணி விழுதுன்னு சொல்லி அனுப்பியிருக்கியே."

எட்டு நாள் என்னோடு பேசவில்லை. பதினொரு மணிக்குக் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் ரிசப்ஷனில் உட்கார்ந்து, எங்களை ஏன் அந்தக் கதை அப்படிப் பிடித்து வைத்திருந்தது என்று யோசித்தேன். யோசிப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை, தலை வலித்தது. நான் அதில் தேடியது சலுகையை. என்னைவிட மோசமான ஒருவன் நாயகனாக இருக்கிறான் என்றால், லாட்ஜ் மேனேஜரின் சில்லறைப் பொய்களுக்கு எவ்வளவோ இடம் இருக்கிறது என்ற ஆறுதல். அண்ணாச்சி தேடியது சலுகை இல்லை. பூதமும் பேயும் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அவற்றுக்கு நடுவே, செய்ததைச் செய்தேன் என்று சொல்லக்கூடிய ஒரு வாய் இருக்கிறதா, சொன்ன பிறகும் அந்த ஆள் உயிரோடு இருக்கிறானா என்பதைத்தான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நல்லவர்கள் கதையில் அது கிடைக்காது. சொல்ல அவர்களிடம் என்ன இருக்கிறது?

ஒன்பதாம் நாள் ரிசப்ஷன் வாசலில் வந்து நின்றார். "அந்தப் புஸ்தவத்தை எடும். உள்ளது உள்ளபடி வாசியும். ஒரு எழுத்து கூடுனாலும் கொள்ளிக்கட்டையை எடுத்துருவேன்."

அந்த இரண்டு அத்தியாயங்களையும் வாசித்தேன். குரல் மாற்றாமல், காக்கைக்கும் பேய்க்கும் ஒரே குரலில். தங்கை கதவைத் திறந்து நிற்கிறாள். நம்ம ஆள் வழியெல்லாம் தயாரித்து வந்த சாக்குகள் அத்தனையும் வாய் வரைக்கும் வந்து நின்றுவிடுகின்றன. நீ கூப்பிட்டது கேட்டது, ஓடினேன் என்கிறான். தெரியும், கதவுக்கு அடியில் உன் பாதங்களைப் பார்த்தேன் என்கிறாள் அவள். கட்டிக்கொள்ளவில்லை. மழை நிற்கவில்லை. அவன் திரும்பி நடக்கிறான். அத்தியாயம் அவ்வளவுதான்.

"பாதத்தைப் பாத்துட்டாளா" என்று அண்ணாச்சி தனக்குள் சொல்லிக்கொண்டார். அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை வாசிக்கச் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். "பஸ் போர்டு பாக்க ஆளு வேணும். அதையாவது உள்ளபடி வாசியும்." சட்டை பழையதுதான். கையில் பழம் இல்லை.

மகள் வீட்டுக்குச் சின்ன இரும்புக் கேட். கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார், இவள் வீட்டில் தையல் மிஷின் போட்டிருக்கிறாள். கழுத்தில் அளவு டேப்போடு வெளியே வந்தாள். நான் தெருவோரம் மின்கம்பத்தின் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். என் தொப்பையில் பாதியைத்தான் கம்பம் மறைத்தது.

"மறுபடியும் எதுக்கு வந்தீங்க?"

"ரோடு அடைக்கல ஏட்டி." அண்ணாச்சி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். "மண்ணும் சரியல. போன் வந்துச்சு. ஒங்கம்மை என்னையக் கேக்கான்னு சொன்னாவ. நல்லாக் கேட்டுச்சு. நான் புனலூர்லதான் இருந்தேன். அவ மொகத்தைப் பாக்கப் பயந்துட்டு வரல."

அவள் கழுத்திலிருந்து டேப்பை எடுத்துச் சுருட்டினாள்.

"தெரியும்" என்றாள் அவள். "லாரி ஓனர் அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டாரு. ஒம்பது வருசமா நீங்க என்னைக்குச் சொல்லுவீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"சொல்லிட்டேன்."

"இப்ப என்ன செய்யணும்ங்கீங்க?"

"ஒண்ணும் வேண்டாம். சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன்."

அவர் திரும்பினார். பதற்றத்தில் கண் இன்னும் மங்கியதோ என்னவோ, தெருப்பக்கம் என்று நினைத்துக் காம்பவுண்ட் சுவரை நோக்கி நடந்தார்.

"அங்கன சுவரு. இங்கன திரும்புங்க" என்றாள் மகள். பிறகு, "நில்லுங்க" என்று உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கேட் தூணின்மேல் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை. அண்ணாச்சி தடவி எடுத்து, செம்பு காலியாகும் வரை குடித்தார். என்னைப் பார்த்து, "கம்பத்துக்குப் பின்னால நிக்கது யாரு?" என்று கேட்டாள். நான் பஸ் போர்டு வாசிப்பவன் என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை அவர் இலத்தூர் போனார். முதல் ஆறு மாதம் கேட்டுக்கு வெளியேதான் நின்றார். அப்புறம் முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அடுத்த சாரல் சீசனில் ஒருநாள் மழை வலுத்தபோது, வேறு வழியில்லாமல் உள்ளே உட்காரச் சொன்னாளாம். பேரன் தாத்தாவின் கண்ணுக்கு முன்னால் விரல்களை நீட்டி எத்தனை என்று கேட்டு, அவர் தப்பாகச் சொல்வதைப் பார்த்துச் சிரிப்பானாம். மன்னித்துவிட்டாளா அண்ணாச்சி என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். "அதெல்லாம் கேக்கப்பிடாது வே. சீனி இல்லாம காப்பி குடுக்கா. குடிக்கேன்" என்றார்.

அப்படி இரண்டு வருடம் போயிற்று. காலில் ஒரு புண், சர்க்கரை அதை ஆறவிடவில்லை. தென்காசி ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் கிடந்தார். மகள்தான் கூட இருந்தாள். காலையில் கொஞ்ச நேரம் அவள் வீட்டுக்குப் போய்வர நான் போய் உட்காருவேன். அப்படிப்பட்ட ஒரு காலையில், நான் பக்கத்தில் இருக்கும்போது போய்விட்டார்.

இப்போது லாட்ஜில் பாய்லர் கிடையாது. மாடியில் சோலார் போட்டாயிற்று, அதற்கு ஆள் வேண்டாம். தகரக் கொட்டகையில் மெத்தைகளை அடுக்கி வைத்திருக்கிறோம். என் பையன் போனில் எனக்கு ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்திருக்கிறான். அதில் வாளும் சாபமுமாக இந்த மாதிரிக் கதைகள் கொட்டிக் கிடக்கின்றன, நாளுக்கு ஒரு அத்தியாயம். வாசிக்கிறேன். எல்லாவற்றிலும் நாயகர்கள் கெட்டவர்கள், அழகாகக் கெட்டவர்கள். நாலு பக்கம் போனதும் நிறுத்திவிடுகிறேன். ஒருவன் நண்பனைக் காட்டிக்கொடுக்கிறான் என்று வரும்போது, எதிரில் முழங்காலில் கை ஊன்றி, "அப்புறம் எப்படி வே அவன் மொகத்துல முழிச்சான்?" என்று கேட்க ஆள் இல்லை. பதினொரு மணி ஆனால் கால்கள் தானாகப் பின்பக்கம் நடக்கின்றன. மெத்தைகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்புகிறேன். ரூம் பையன்கள், மேனேஜருக்கு மெத்தைமேல் ஏதோ பாசம் என்று பேசிக்கொள்கிறார்கள். யாரையாவது இப்படித் தேடுவோம் என்று சின்ன வயதில் நினைத்திருந்தால், அதற்கு வேறு ஏதாவது முகத்தைக் கற்பனை செய்திருப்பேன். கரி படிந்த பனியனும், பாதி தெரியும் கண்ணுமாக ஒரு பழைய லாரி டிரைவர் என்று நினைத்திருக்க மாட்டேன்.

அவருக்குப் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள், அவருடைய பெட்டியை வாங்கிப்போக மகள் லாட்ஜுக்கு வந்தாள். இரண்டு கைலி, ஒரு சட்டை, பழைய லைசென்ஸ். எல்லாவற்றையும் எடுத்துக்கொடுத்தேன். அவள் கிளம்பாமல் கவுண்டரைப் பிடித்தபடி நின்றாள்.

"அன்னைக்குக் காலையில நீங்கதான சார் இருந்தீங்க. கடைசியா ஏதாவது சொன்னாவளா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

"உங்க பேரைத்தாம்மா சொன்னாரு. ரெண்டு தடவை சொன்னாரு. மகளுக்குப் பெரிய பாவம் பண்ணிட்டேன்னு சொல்லிக் கண்ணுல தண்ணி விட்டாரு" என்றேன். பூமழை மட்டும்தான் பாக்கி.

அவள் என்னை அசையாமல் பார்த்தாள். "எங்கப்பா என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. பொறந்ததுல இருந்து ஏட்டிதான். உள்ளதைச் சொல்லுங்க."

வேறு வழியில்லை. ஆஸ்பத்திரிக்கு வெளியே கடையில் இட்லி வாங்கிக் கொடுத்தேன், ஒரு வாய் தின்றார், சட்னியில் உப்பு பத்தவில்லை என்றார், அப்புறம் பேச்சில்லை என்று சொன்னேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாகிவிட்டது. சேலைத் தலைப்பில் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினாள். வாசல்படி இறங்கியவள் நின்று திரும்பிச் சொன்னாள்:

"உங்களுக்குப் பொய்யும் ஒழுங்காச் சொல்ல வரல சார். வாசிக்கிறதோட நிறுத்திக்கிடுங்க."